நெவாடாவில் ஒரு காட்டுக்குதிரைக்கு வீடு

ரீனோ நகரைத் தாண்டி வடக்கே பிரமிட் நெடுஞ்சாலையில் ஏறினால், கொஞ்ச தூரத்தில் வீடுகள் தீர்ந்துபோகின்றன. அதற்கப்புறம் சேஜ்பிரஷ் செடிதான். சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், சாலையின் இரு பக்கமும் மலையடிவாரம்வரை படர்ந்து கிடக்கிறது. கார் கண்ணாடியை இறக்கினால் கற்பூரத்தோடு ஓமத்தைக் கசக்கிப் போட்டது போன்ற வாசனை. மேற்கே சியரா நெவாடா மலைகளில் பனி இன்னும் மிச்சமிருந்தது. பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்களை அந்த மலைகளே தடுத்துக் கொள்வதால் கிழக்குப் பக்கம் முழுவதும் வறண்ட நிலம். அமெரிக்காவின் காட்டுக்குதிரைகளில் ஏறத்தாழப் பாதி இந்த நெவாடா மாநிலத்தில்தான் வாழ்கின்றன.

என் பள்ளித்தோழி செவிலியர் வேலைக்காக ரீனோ வந்தவள். நகருக்கு வெளியே சின்ன நிலத்தோடு ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். “பொண்ணுக்குக் குதிரைன்னா உயிர். விலைக்கு வாங்க வேணாம், காட்டுக்குதிரை ஒண்ணைத் தத்தெடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்டி. நீ வர்ற சமயம் வேலி வேலை நடக்கும்” என்று போனில் சொன்னாள். அதைக் கேட்டதுமே, பார்க்க வேண்டிய ஊர்களின் பட்டியலை மாற்றி எழுதினேன். மனிதக் கை படாத ஒரு குதிரையை வீட்டுக்கு அழைத்து வருவது எப்படி நடக்கும் என்று கூடவே இருந்து பார்க்க ஆசை.

சாலையோரத்தில் பலோமினோ பள்ளத்தாக்கு மையம் வந்தது. நில மேலாண்மைப் பணியகம் என்ற மத்திய அரசுத் துறை அதை நடத்துகிறது. உள்ளூரில் எல்லோருக்கும் அந்தத் துறை ‘பி.எல்.எம்.’ இந்த மையம், மலைகளில் பிடிக்கப்படும் குதிரைகளுக்கு மருத்துவம் பார்த்துத் தத்துக்குத் தயார் செய்யும் இடங்களில் நாட்டிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. இரும்புக் குழாய் வேலிகளுக்குள் நூற்றுக்கணக்கான குதிரைகள். கருப்பு, செம்பழுப்பு, மணல் நிறம், சாம்பல், வெள்ளைத் திட்டுப் போட்டவை. நாங்கள் வேலியை நெருங்கியதும் ஒரு பட்டி முழுவதும் ஒரே நேரத்தில் தலை தூக்கியது. அத்தனை காதுகளும் எங்கள் பக்கம் திரும்பின. அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் விலகிப் பின்வேலி ஓரம் போய் நின்றது. நாங்கள் அசையாமல் நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு குதிரைகள் கழுத்தை நீட்டி, மூக்கை விரித்து, ஒவ்வோர் அடியாக எங்களை நோக்கி வந்தன. ஓடச் சொல்லும் பயமும் பார்க்கச் சொல்லும் ஆர்வமும் ஒரே உடலுக்குள் இழுத்துக்கொண்டிருப்பதை நான் அதுவரை இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

ஒவ்வொரு குதிரையின் கழுத்திலும், இடப்பக்கம் பிடரிக்குக் கீழே, வெள்ளைக் கோடுகளாலான ஒரு வரி. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த இரும்பால் பதிக்கும் குறி அது. அந்த இடத்தில் மயிருக்கு நிறம் தரும் செல்கள் செத்துவிடுவதால், பிறகு முளைக்கும் மயிர் வெள்ளையாக வருகிறது. கோணங்களாலான அந்த எழுத்துமுறையில் அரசின் அடையாளம், பிறந்த ஆண்டு, ஆறு இலக்கப் பதிவு எண் எல்லாம் இருக்கின்றன. யாராலும் அதைத் திருத்தி எழுத முடியாது. தோழியின் மகள் பதினாறு வயதுப் பெண். வேலிக்கு வேலி நடந்து, அந்தக் கோணக் குறிகளைப் பார்த்துப் பார்த்து வயதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு செம்பழுப்புக் குதிரை முன்னால் நின்றுவிட்டாள். கருத்த பிடரி, நான்கு வயது, காயடித்தது. மற்றவை ஒதுங்கிய பிறகும் அது அங்கேயே நின்று எங்களைப் பார்த்தது. “இதுதான் ஆன்ட்டி” என்றாள். பரி என்று பெயரும் அப்போதே முடிவாகிவிட்டது.

அந்த மண்ணுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு எனக்குப் பெரிய வியப்பு. குதிரை இனம் பரிணமித்ததே வட அமெரிக்காவில்தான். நெவாடாவுக்கு வடக்கே ஐடஹோ மாநிலத்தில் ஹாகர்மன் என்ற இடத்தில் சுமார் 35 லட்சம் ஆண்டு பழைய குதிரை எலும்புகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. இங்கிருந்து பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்குப் போன குதிரைகள் அங்கே பெருகின; இங்கேயே தங்கியவை சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயின. பிறகு, மனிதன் பழக்கிய விலங்காக, கப்பலேறிக் குதிரை தாய்மண்ணுக்குத் திரும்பியது. 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கரீபியத் தீவுகளில் இறங்கியது. 1519-இல் ஸ்பானியத் தளபதி கோர்டெஸின் படையோடு மெக்சிகோ வந்தது. 1680-இல் பியூப்லோ பழங்குடியினர் ஸ்பானியரை விரட்டியடித்த பிறகு பூர்வகுடிகளிடையே இன்னும் வேகமாகப் பரவியது. தப்பி ஓடியவை, பண்ணைக்காரர்கள் அவிழ்த்துவிட்டவை, குதிரைப்படை கழித்துக்கட்டியவை எல்லாம் கலந்து பிறந்த வம்சம்தான் மஸ்டாங் எனப்படும் இன்றைய காட்டுக்குதிரை.

கார்சன் சிட்டிக்குத் தென்கிழக்கே பைன் நட் மலையடிவாரத்தில் அவற்றைச் சுதந்திரமாகவும் பார்த்தேன். தொலைநோக்கியில் ஒரு சிறு குடும்பம்: ஒரு பொலிகுதிரை, சில பெட்டைகள், நீண்ட கால்களில் தள்ளாடும் ஒரு குட்டி. வழிநடத்தியது ஒரு மூத்த பெட்டை. அது தண்ணீரை நோக்கி இறங்கியதும் மற்றவை பின்தொடர்ந்தன. பொலிகுதிரை கடைசியில், பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தது. எங்கே புல், எங்கே சுனை, எந்தப் பக்கம் ஆபத்து என்பதெல்லாம் அந்தக் கூட்டத்துக்குள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் அறிவு. ஒரு குதிரையைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவரும்போது அந்த அறிவு முழுவதும் பயனற்றுப் போகிறது. அதற்கு ஈடாக நாம் என்ன தரப்போகிறோம் என்ற கேள்வி அங்கேதான் எனக்குள் விழுந்தது.

இந்தக் குதிரைகள் இன்று உயிரோடிருக்க ஒரு ரீனோ பெண் காரணம். வெல்மா ஜான்ஸ்டன், காப்பீட்டு அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர், சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர். 1950-இல் வேலைக்குப் போகும் வழியில் முன்னால் போன லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைக் கண்டு அதைப் பின்தொடர்ந்தார். உள்ளே, செல்லப்பிராணித் தீவனத்துக்காக அறுக்கக் கொண்டுபோகப்பட்ட காட்டுக்குதிரைகள். விமானத்தில் விரட்டி, லாரியில் துரத்தி அப்படிப் பிடிப்பது அன்று சாதாரணம். எதிரிகள் கிண்டலாகச் சூட்டிய ‘வைல்ட் ஹார்ஸ் ஆனி’ என்ற பெயரையே ஏற்றுக்கொண்டு அவர் போராடினார். பள்ளிக் குழந்தைகள் நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். 1959-இல் மோட்டார் வண்டிகளால் துரத்திப் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1971 டிசம்பர் 15 அன்று, பொது நிலங்களில் வாழும் காட்டுக்குதிரைகளையும் கழுதைகளையும் காக்கும் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார்.

காப்பாற்றியதும் அவை பெருகின. நல்ல மேய்ச்சல் இருந்தால் ஒரு மந்தை ஆண்டுக்கு 15 முதல் 20 விழுக்காடு வளரும். நான்கைந்து ஆண்டில் இரட்டிப்பாகும். இந்த நிலத்தில் புல்லும் நீரும் அந்த வேகத்தில் பெருகாது. எனவே அரசுத் தரப்பிலேயே ஹெலிகாப்டர்களால் ஓட்டிப் பிடித்து, ஒரு பகுதியை மக்களிடம் ஒப்படைக்கிறார்கள். மொண்டானா மாநிலத்தில் 1973-இல் தொடங்கிய தத்துத் திட்டம் 1976-இல் நாடு முழுவதுக்கும் வந்தது. பழகாத குதிரைக்குத் தத்துக் கட்டணம் 125 டாலரிலிருந்து தொடங்குகிறது.

பணம் சிறிய விஷயம் என்பது விண்ணப்பத்தைப் பார்த்ததும் புரிந்தது. குதிரை நிற்கப்போகும் இடத்தைப் படமாக வரைந்து தரவேண்டும். மகள் அதை அளவுகோல் வைத்து வரைந்திருந்தாள். வளர்ந்த குதிரைக்குப் பட்டி குறைந்தது 400 சதுர அடி, அதாவது இருபதுக்கு இருபது. வேலியின் உயரம் ஆறடி. ஒன்றரை வயதுக்குட்பட்ட குட்டியென்றால் ஐந்தடி, கழுதைக்கு நான்கரை. முள்கம்பி கூடாது. பிதுங்கி நிற்கும் ஆணி, கூர்முனை எதுவும் கூடாது. மழை வெயிலுக்கு ஒதுங்க, குறைந்தது இரண்டு பக்கம் அடைத்த கூரை வேண்டும். ஏற்றிவரும் ட்ரெய்லரில் சரிவுப் பலகை இருக்கக்கூடாது, தரை வழுக்கக்கூடாது.

முதல் வாசிப்பில் இவை வெறும் அரசு விதிகளாகத்தான் தோன்றின. பக்கத்துப் பண்ணையில் காட்டுக்குதிரைகளைப் பழக்கி வரும் முதிய அம்மையார் ஒருவர் வேலி போட உதவ வந்தார். ஒவ்வோர் அளவையும் அவரிடம் கேட்டேன். “பயந்த குதிரை மேலே தாவும். ஐந்தடி வேலியைத் தாண்டிவிடலாம் என்று அது நம்பினால் முயன்று பார்க்கும். பாதியில் மாட்டினால் கால் போகும். ஆறடி என்றால் முயற்சிக்கே நினைக்காது” என்றார். முள்கம்பி ஏன் கூடாது? காட்டில் வளர்ந்த குதிரைக்குக் கம்பி கண்ணில் படாது. முழு வேகத்தில் போய் மோதும். பட்டி ஏன் சிறியதாக இருக்க வேண்டும்? பெரிய மேய்ச்சல் நிலத்தில் விட்டால் மறுபடி கையில் பிடிக்கவே முடியாது. பிடிக்க ஓடினால் பயம் வளரும். பயம் வளர வளர இன்னும் தூரம் போகும்.

அதற்கப்புறம் அந்தப் படிவம் எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தது. அதிலிருந்த எந்த எண்ணும் மேசையில் உட்கார்ந்தபடி போட்டதல்ல. எங்கோ ஒரு குதிரை வேலியில் மாட்டியிருக்கிறது. எங்கோ ஒன்று கம்பியில் கிழிபட்டிருக்கிறது. அந்த வலிகளைத்தான் அடியிலும் சதுர அடியிலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரும்புக் குழாய்த் தட்டிகளைத் தூக்கி நிறுத்தி, கொக்கி மாட்டி, குலுக்கிப் பார்த்தோம். தோழியின் கணவர் வேலியின் ஒவ்வொரு மூட்டையும் கையால் தடவி, கூர்மையாகப் பட்டதை அரம் போட்டு ராவினார். தண்ணீர்த் தொட்டியை மூலையில் வைக்காமல் பக்கவாட்டில் வைத்தோம். மிரண்டு மூலைக்கு ஓடும் குதிரை அதில் மோதக்கூடாது. வளர்ந்த குதிரை நாளுக்கு இருபது முப்பது லிட்டர் குடிக்கும், கோடையில் இன்னும் அதிகம். குளிர்காலத்தில் தொட்டி உறைந்துபோகும் ஊர் இது. உறையாமலிருக்கச் சூடேற்றும் கருவிக்கு மின்சாரம் இழுத்தார்கள். புல்கட்டுகளைப் பலகைமேல் அடுக்கினார்கள். குதிரை தன் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்புல் தின்ன வேண்டும்; 400 கிலோ என்றால் நாளுக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ. பாலைநிலத்துக் காய்ந்த புல்லில் வளர்ந்த வயிற்றுக்குத் திடீரென்று செழுமையான தீவனம் போட்டால் குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்க முடியாமல் போகலாம். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. கெட்டது எதுவானாலும் குடல் வழியாகத்தான் போக வேண்டும். வயிற்றுவலியே அதைக் கொன்றுவிடக் கூடும். ஆகவே மையத்தில் என்ன புல் போட்டார்களோ அதே வகையை முதலில் வாங்கினார்கள்.

இதையெல்லாம் எழுதும்போது நம் கடற்கரை நினைவுக்கு வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியே பெரும் விலை கொடுத்து வாங்கியதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாததையும் குறித்திருக்கிறார். அரபு நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்து காயல் துறையில் இறங்கிய அழகான உயிர்கள், புல்லும் குளம்பும் அறியாத கைகளில் மாண்டுபோயிருக்கின்றன. ஒரு பேரரசின் செல்வத்தால் முடியாமல் போனது, இந்த வீட்டின் புல்கட்டுக் கணக்கிலும் அரம் போட்ட மூட்டிலும் சாத்தியமாகிறது.

பரி வீட்டுக்கு வந்த நாளில் மையத்தின் பணியாளர்கள் அதைக் குறுகிய தடத்தில் நிறுத்தி, தோழி கொண்டுபோயிருந்த முகக்கயிற்றை மாட்டி, நேராக ட்ரெய்லருக்குள் ஏற்றினார்கள். போட்ட தடுப்பூசிகள், குடற்புழு மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதிய தாளைக் கையில் கொடுத்தார்கள். வீட்டில் ட்ரெய்லரின் பின்கதவைப் பட்டி வாசலோடு ஒட்ட நிறுத்தித் திறந்துவிட்டு, எல்லோரும் விலகி நின்றோம். யாரும் அதட்டவில்லை. நெடுநேரம் கழித்து ஒரு முன்கால் வெளியே வந்தது. தரையை முகர்ந்தது. பிறகு ஒரே பாய்ச்சலில் உள்ளே போய் வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. அடுத்த பட்டியில் அம்மையார் இரவல் தந்த கிழட்டுக் குதிரை ஒன்று புல் மென்றுகொண்டிருந்தது. அதைக் கண்டதும் பரி நின்றது, கனைத்தது. கூட்டமாக வாழும் விலங்குக்குத் தனிமையே பெரிய அச்சம். அந்தக் கிழட்டுக் குதிரை வேறெதுவும் செய்யவில்லை, பயமில்லாமல் தின்றுகொண்டிருந்தது. அது போதுமாக இருந்தது.

பழக்குவது என்றால் கயிறும் சாட்டையும்தான் என்று நினைத்திருந்தேன். அங்கே பார்த்தது நேர்மாறு. இரவுப்பணி முடித்து வந்த தோழி, கவிழ்த்த வாளிமேல் பட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தாள். மகள் பாடப்புத்தகத்தை உரக்கப் படித்தாள். குதிரை பக்கம் யாரும் நேராக நடக்கவில்லை. வளைந்து, தோளுக்கு எதிரே நடந்தார்கள். நிலவாழ் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்கள் கொண்டவற்றுள் ஒன்று குதிரை; தலையின் இரு பக்கமும் இருக்கும் அந்தக் கண்களால் ஏறத்தாழச் சுற்றுவட்டம் முழுவதும் பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் அதற்குத் தெரியாது. அதனால்தான் முகத்துக்கு நேரே நீளும் கை அதை மிரளவைக்கிறது. கேரட்டை நீட்டினார்கள், அது என்னவென்றே பரிக்குத் தெரியவில்லை.

அம்மையார் சொல்லித்தந்த முறை எளிமையானது: ஓர் அடி நெருங்கு, குதிரை ஓடாமல் நின்றால், காதைத் திருப்பினால், உடனே ஓர் அடி பின்வாங்கு. நின்றதற்கான பரிசு நீ விலகுவதுதான். நெருங்குவதில் அல்ல, விலகும் நேரத்தில்தான் குதிரை கற்றுக்கொள்கிறது என்றார். முதல் தொடுகை கையால் அல்ல, நீண்ட மூங்கில் கழியின் நுனியால், தோள்மேட்டில். பரியின் தோல் சிலிர்த்துத் துடித்தது. ஆனால் கால் நகரவில்லை. கழி உடனே விலகியது. பரி தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, நாக்கால் உதட்டை நக்கியது. உடலின் இறுக்கம் தளர்வதற்கான அடையாளம் அது. வேலிக்கு வெளியே நின்றிருந்த எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. நாளாக ஆக மூங்கில் குட்டையானது. நான் கிளம்புவதற்குள் தோழி மகளின் உள்ளங்கை பரியின் தோளில் இருந்தது.

செல்ல வேண்டிய வழி இன்னும் நீளம். முகக்கயிற்றுக்கு இசைந்து நடக்க வேண்டும். நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். காட்டில் கல்லும் பாறையும் குளம்பைத் தேய்த்துவிடும். பட்டியில் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்ட ஆள் வரவேண்டும், அந்த ஆளைக் குதிரை ஏற்க வேண்டும். ஓராண்டுவரை பரி அரசின் சொத்துதான். நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று கால்நடை மருத்துவர் போன்ற தகுதியுள்ள ஒருவர் கையெழுத்திட்ட பிறகுதான் உரிமைப் பத்திரம் வரும். அந்த ஓராண்டு விதி எனக்கு மிகவும் பிடித்தது. குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டு வாழக்கூடியது. அத்தனை நீண்ட உறவுக்கு ஓராண்டுச் சோதனை நியாயமானது.

பெரிய கணக்கு மனதை அழுத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தன் நிலங்கள் தாங்கக்கூடியவை என்று பி.எல்.எம். வகுத்த எண்ணிக்கை, குதிரையும் கழுதையுமாக, ஏறத்தாழ 25,500. 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மேய்ந்தவை 73,000-க்கும் மேல். பிடிக்கப்பட்டுப் பட்டிகளிலும் வாடகை மேய்ச்சல் நிலங்களிலும் காத்திருப்பவை 60,000-க்கும் மேல். திட்டத்தின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவற்றைப் பராமரிக்கவே போகிறது. ஹெலிகாப்டர் துரத்தலைக் கண்டிப்பவர்கள் இருக்கிறார்கள். புல் தீர்ந்துபோன நிலத்தில் பட்டினியைக் கண்டு கலங்குபவர்களும் இருக்கிறார்கள். துப்பாக்கியில் ஊசி வைத்துச் சுட்டுப் பெட்டைகளுக்குக் கருத்தடை மருந்து செலுத்தும் வேலை பல மந்தைகளில் நடக்கிறது. அது பெருக வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். தத்தெடுப்பு மட்டுமே இந்தக் கணக்கைத் தீர்க்காது. தீர்க்கும் என்ற நினைப்பில், தயாரில்லாத வீடுகளுக்குக் குதிரைகளைத் தள்ளிவிடுவதைவிடக் கொடுமை வேறில்லை.

அமெரிக்காவின் மேற்குப் பக்கம் போகும் தமிழர்கள் லாஸ் வேகாஸின் விளக்குகளையும் கிராண்ட் கேன்யனையும் பார்க்கிறார்கள். ஒரு பகலை ஒதுக்கி வடக்கு நெவாடாவுக்கும் போங்கள். பலோமினோ பள்ளத்தாக்கில் வேலியோரம் அசையாமல் நின்று, அவை உங்களைப் பார்க்க வருவதற்குக் காத்திருங்கள். அங்கே குடியிருப்பவராகி, தத்தெடுக்கும் ஆசையும் வந்தால், குதிரையைத் தேர்ந்தெடுக்கும் முன் பட்டியைக் கட்டுங்கள். மூட்டுகளைக் கையால் தடவிப் பாருங்கள். குளிர்காலத்துத் தண்ணீருக்கும், குளம்பு வெட்டும் ஆளுக்கும், துணையாக நிற்க இன்னொரு குதிரைக்கும் வழி செய்யுங்கள். சட்டம் ஓர் இனத்தைக் காப்பாற்றியது. அந்த இனத்தில் ஒரு குதிரையைக் காப்பாற்ற, முப்பது ஆண்டுகள் தினமும் காலையில் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் ஒருவர் வேண்டும். அதற்கு முன்வருகிறவர்கள் யாராயிருந்தாலும் என் வணக்கத்துக்குரியவர்கள்.